டிசம்பரில் பார்ஷ் பிடிக்கப் போனது

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஹாம்பர்க்கில் இருந்தோம். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். திருமணமான மறு வருடம் நானும் போய்ச் சேர்ந்தேன். செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்து, சில மணி நேரம் மட்டும் இருந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. கணவர் பார்த்தார் என்று தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு என்பது சோறா சப்பாத்தியா, கரி வந்துவிட்டதா, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்ற அளவில் நின்றது. சண்டை இல்லை, அழுகையும் இல்லை. நான் காலையில் எழுந்து அடுப்புக்குக் கரி போடுவேன், பாத்திரம் கழுவுவேன், பிறகு அதே பாத்திரத்தை இன்னொரு முறை கழுவுவேன்.

அவருடன் வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவருக்கு வடக்கே ஓர் ஏரியில் சின்னத் துடுப்புப் படகு இருந்தது. குளிர்காலத்தில் அங்கே பார்ஷ் என்ற ஏரி மீனைப் பிடிப்பார். எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த டிசம்பரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அந்த நண்பரும் அன்று வேறு ஊரில் தன் தாயாரைப் பார்க்க ரயிலில் போக வேண்டியிருந்தது. அவர் வரமாட்டார் என்றானதும் பயணமும் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவரோ வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, படகின் பூட்டுச் சாவியையும் இரண்டு தூண்டில் கோல்களையும் மேஜைமேல் வைத்தார்.

"ரயில் ஓடுகிறதே! நீங்களே போய் வாருங்கள்," என்றார்.

காபி குடித்தபடி எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். கோடையில் பார்ஷ் கரையோரம் திரியும், குளிரில் ஆழத்துக்குப் போய்க் கூட்டமாக அடியில் கிடக்கும். அதற்கு உடம்பை அசைக்கவே மனம் இருக்காது. அதனால் தூண்டிலை வேகமாக இழுக்கக் கூடாது. ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, அப்படியே வைத்துக் காத்திருக்க வேண்டும். மீன் வெடுக்கென்று இழுக்காது, கோலின் நுனி கொஞ்சம் கனத்தால் அதுதான் மீன். ஒன்று கிடைத்த இடத்தை விட்டு நகரக் கூடாது. படகில் எழுந்து நிற்கவே கூடாது. தண்ணீரில் விழுந்தவர் பக்கவாட்டில் ஏறப் பார்த்தால் படகு கவிழ்ந்துவிடும், பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும்.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் கடல் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் மீன் வாங்குவார்களே தவிர யாரும் பிடித்ததில்லை. படகில் நான் ஏறியதே கிடையாது.

ஞாயிறு காலை ரயிலில் போனோம். வழியில் பெரிய நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. நடுச்சாலையில் ஒரு குடும்பம் நாயோடு நடந்துபோனது. ஏரிக்கரையில் இருந்த சின்ன விடுதியில் மீன் பிடிப்பதற்கான ஒரு நாள் சீட்டை வாங்கிக்கொண்டோம். விடுதிக்காரப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டுக்கு உள்ளே சேலைதான் கட்டியிருந்தேன், அதன்கீழே கணவரின் கம்பளிக் காலுறைகள்.

காற்றே இல்லை. தண்ணீர் ஈயத் தகடு மாதிரி கிடந்தது. கணவர் துடுப்புப் போட்டார், நான் பின்பலகையில் உட்கார்ந்தேன். நண்பர் சொன்ன அடையாளம், எதிர்க்கரையில் இருந்த ஒற்றைப் பாப்லார் மரம். அதற்கு நேரே வந்ததும் நங்கூரத்தைப் போட்டோம். கயிறு போய்க்கொண்டே இருந்தது.

"இவ்ளோ ஆழமா?" என்றேன்.

"டீப்பாதான் இருக்கும்னு சொன்னாரே."

மண்புழுவைக் கொக்கியில் குத்த என் விரல்களுக்கு வரவில்லை, அவர்தான் குத்திக்கொடுத்தார். நுனி வெட்டிய கையுறைகளைப் போட்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன. அது எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு முழுவதும் இப்படி ஆகிவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்து, அதுவும் அப்படியே நின்றுவிட்டது.

முதல் மீன் என் கோலில் வந்தது. நுனி கனத்தது, அவ்வளவுதான். புல்லோ என்னவோ என்று நினைத்து நூலைச் சுற்றினேன். சுற்றச் சுற்றக் கனம் கூடியது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகளும் அடியில் சிவந்த செட்டைகளுமாக ஒரு மீன் தண்ணீரை விட்டு மேலே வந்தது. குளிரில் துள்ளக்கூட இல்லை. கையில் பிடித்துக் கொக்கியைக் கழற்றினேன். வாளிக்குள் போட்ட பிறகுதான் கணவர் என் கையைப் பார்த்தார்.

"ஏய், ரத்தம்!"

முதுகு முள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை ஓடியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலயா?"

"இல்ல."

தன் கைக்குட்டையை எடுத்துக் கட்டினார். அவர் விரல்களும் மரத்திருந்தன, முடிச்சு விழவே நேரமானது. அவர் தலை என் முகத்துக்கு அருகே குனிந்திருந்தது. செப்டம்பருக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நாங்கள் இருந்ததில்லை. என் வாயிலிருந்து கேள்வி தானாக வந்தது.

"அவ யார் மாதிரி இருந்தா?"

யார் என்று அவர் கேட்கவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சிருந்தாங்க. துணி சுத்தியிருந்தது. முகம் சரியாத் தெரியல." என் கோலை எடுத்து நீட்டினார். "முடி நிறைய இருந்தது. நல்ல கறுப்பு. நர்ஸ்கூட அதைத்தான் சொன்னா."

"சரி," என்றேன்.

என் கோலை மறுபடி இறக்கினேன். இன்னொரு மீன் வந்தது. பிறகு அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நண்பர் சொன்னது சரிதான், கூட்டம் எங்களுக்கு நேர் கீழே கிடந்தது. மேலே இழுப்பதும் கழற்றுவதும் இறக்குவதுமாகப் போனது நேரம். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கைக்கு வேலை இருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கிளம்பலாம் என்றார். நங்கூரம் வரவில்லை, அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. உட்கார்ந்தபடி இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"நிக்காதீங்க," என்றேன்.

"ஒரே இழுப்புதான்."

கயிறு சட்டென்று நெகிழ்ந்தது. அவர் பின்னால் சாய்ந்து, மறுபக்க விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார். படகு ஆடியது, வாளி கவிழ்ந்து மீன்கள் என் காலடியில் சிதறின. அவர் தலை வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பக்கவாட்டில் பிடித்து ஏறப் பார்த்தார்.

"பின்னாடி வாங்க! பின்பக்கம்!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எனக்குப் பயமில்லை. பாத்திரம் கழுவும்போது இருப்பது போலத்தான் இருந்தேன். அவர் விளிம்பைப் பிடித்தபடி பின்பக்கம் வந்தார். கோட்டின் காலரை இரண்டு கைகளாலும் பிடித்து, பலகையில் காலை ஊன்றி இழுத்தேன். இரண்டாவது முயற்சியில் வயிறு வரை ஏறி, உருண்டு உள்ளே விழுந்தார். நங்கூரம் மறுபடி அடிக்குப் போயிருந்தது. மீன் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டேன். என் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டேன்.

துடுப்பு எனக்குப் புதிது. முதுகைக் கரைக்குக் காட்டி உட்கார்ந்தால் போகும் திசை தெரியாது. அவர் எனக்கு எதிரே படகின் தரையில் சுருண்டபடி, பற்கள் அடித்துக்கொள்ள, வழி சொன்னார்.

"லெஃப்ட்... இல்ல, உன் லெஃப்ட்... அப்படியே."

"பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேச?"

"எதையாவது."

அவர் பேசினார். குழந்தையை அடக்கம் செய்த அன்று மழை பெய்தது என்றார். பாதிரியார் நல்லவர், தமிழில் ஜெபிக்கச் சொன்னார், ஆனால் தனக்கு வார்த்தை வரவில்லை என்றார். அதன் பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் இரண்டு தடவை அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இறங்கியதாகச் சொன்னார். நான் துடுப்பு போட்டுக்கொண்டே கேட்டேன். கைக்குட்டை நனைந்து எங்கோ விழுந்துவிட்டது.

விடுதிக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவரை உள்ளே இழுத்துப்போனாள். தன் கணவனின் பேன்ட்டையும் ஸ்வெட்டரையும் கொடுத்தாள். இரண்டுமே பெரிதாக இருந்தன. அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி உட்கார்ந்தவர் பார்ப்பதற்கு எனக்குத் தெரியாத யாரோ மாதிரி இருந்தார். எனக்குச் சூடு ஏற ஏற விரல்கள் வலிக்கத் தொடங்கின. முதலில் ஊசி குத்துவது போல, பிறகு உள்ளங்கைக் காயமும் சேர்ந்து. மேஜையின் கீழே கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டேன்.

படகில் கிடந்த மீன்களை அவள் வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். அவள் அவற்றை மாவில் புரட்டி வெண்ணெயில் வறுத்துக் கொடுத்தாள். உப்பு குறைவு, மிளகாய் இல்லை. முழுவதையும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை கணவர் நண்பரிடம் நடந்ததைச் சொன்னாராம். அவர் முகம் வெளுத்துவிட்டதாம். தான் வராமல் எங்களை அனுப்பியிருக்கக் கூடாது என்றாராம். நங்கூரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அது ஏரியிலேயே கிடக்கட்டும் என்றாராம். அன்றிரவு கணவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் இருந்தது. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு பிற்பகல் இருவரும் பஸ்ஸில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஓர் ஓரத்தில் சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. அவர் ஒரு மரப்பலகையைக் காட்டினார். அதில் எங்கள் குடும்பப் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தார்கள். நான் அங்கே அழுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், அருகிலேயே நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. வாங்கி வந்த பூச்செடியை வைக்க மண்ணைக் கிளறப் பார்த்தேன், மண் கல்லாக உறைந்திருந்தது.

பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "இப்போது நட முடியாது. மார்ச்சில் வாருங்கள்," என்றாள்.

தொட்டியோடு அப்படியே பலகையின் அருகே வைத்தோம். அவர் மண்டியிட்டு, அது காற்றில் சாயாதபடி சுற்றிலும் கற்களை அடுக்கினார். நானும் குனிந்து கற்களை எடுத்துக் கொடுத்தேன்.