தீக்குச்சிக் கனத்தில் பாலத்துக் கால்

பிள்ளைகளே, எங்கள் பெரிய துரை பங்களாவில் ஓர் அறை நிறைய பொம்மை ரயில் வைத்திருந்தார். தண்டவாளமும் இன்ஜினும் சீமையிலிருந்து வந்தவை. ஸ்டேஷனும் மரப்பாலமும் மட்டும் செய்து தரச்சொல்லி, தேயிலைத் தோட்டத்துத் தச்சனான என்னைக் கூப்பிட்டார். பாலம் நம்ம ஓடைப் பாலம் மாதிரியே இருக்க வேண்டுமாம். நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் கால் அங்குலம். அதுதான் கணக்கு.

கேட்க லேசு. ஓர் அங்குலப் பலகையை அந்தக் கணக்குக்கு இழைத்தால் வெறும் சுருளாக வருகிறது. கடைசியில் தீப்பெட்டிக் கூட்டை நனைத்து உரித்தேன், சரியான கனம். நாலு அங்குலச் சட்டத்துக்குத் தீக்குச்சியே அளவு. மிஞ்சியது பாலத்தின் கால். மேலே பார்த்தால் ஆறு அங்குலம். அப்படியானால் பொம்மைக்கு அரைக்கால் அங்குலம், கால் அங்குலத்தில் பாதி.

எதற்கும் அளந்துவிடுவோம் என்று ஓடையில் இறங்கினேன். தண்ணீர் மட்டத்தில் பாசியை வழித்து உளியை வைத்தேன். தட்டவே இல்லை, ஈரப் பாண் ரொட்டிக்குள் போவது போலப் போய்விட்டது. சுரண்டினால் நல்ல மரம் நாலு அங்குலம்கூட இல்லை. அடுத்த காலும் அப்படியே. தீக்குச்சிக் கனம்.

அந்தப் பாலத்தில்தான் உங்கள் அம்மா, மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு, தினமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்வந்தாள்.

மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொன்னேன்.

"மரம் கேட்டு எழுதியாச்சுப்பா, வரல. நீ பொம்மைக்கு அரைக்கால் அங்குலமே போடு. தொரை கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டும்."

அம்மாவிடம் சுற்று வழியாகப் போகச் சொன்னேன்.

"சுத்திப் போனா நேரமாயிரும், அரைப்பேரு போட்டு அரைநாள் கூலிதான் தருவாங்க. ஒங்க பொம்மைக்குப் பயந்துக்கிட்டு நான் கூலிய விடவா?"

அன்று பிடித்த மழை விடவில்லை. விடியும்போது ஓடை இரைகிற சத்தம் எங்கள் லயத்து வீட்டு வாசல்வரை கேட்டது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேருமுன் போய், பாலத்தின் நடுப் பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

கூடையோடு வந்த பெண்கள் திட்டித் தீர்த்தார்கள். "பொம்ம செஞ்சு கிறுக்குப் புடிச்சிருச்சுடி ஒம் புருசனுக்கு!"

கண்டாக்கையா குடையை வீசிக்கொண்டு வந்தார். "எவன்டா ஒனக்குச் சொன்னான்? எடுத்து அடி! இந்தா, நானே நடந்து காட்டுறேன்." மிஞ்சிய பலகைமேல் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தார்.

நாலு எட்டு வைத்திருப்பார். கீழே ஏதோ நெரிந்தது. பாலம் சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றது. அவர் திரும்பவில்லை. முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னாலேயே ஒவ்வோர் அடியாக நகர்ந்து கரைக்கு வந்தார்.

"சுத்து வழியாப் போங்க" என்றார்.

எல்லாரும் நேரம் கழித்துத்தான் மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்தான். சாயங்காலம் அம்மா சோற்றை வைத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்தபடி ஓடைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.