அழக் கூடாத குழந்தை

எங்க கம்பெனி அசெம்ப்ளி லைன்ல செல்போன் உள்ள கொண்டுபோக முடியாது. கேட்லயே லாக்கர்ல வெச்சுட்டுப் போகணும். அன்னைக்கு சாப்பாட்டு டைம்ல எடுத்துப் பாக்குறேன், பக்கத்து போர்ஷன் அக்காகிட்டருந்து ஒன்பது மிஸ்டு கால். பாப்பாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்துட்டேன்னு கடைசியா ஒரு வாய்ஸ் மெசேஜ்.

பாப்பாவுக்கு அப்போ ஒன்றரை வயசு. அஞ்சு மாசக் குழந்தையிலருந்து, நான் ஷிஃப்டுக்குப் போனா அந்த அக்காதான் பாத்துக்கினாங்க. வூட்டுக்காரர் லாரி டிரைவர், அன்னைக்கு ஓசூர் போயிருந்தார். காலையிலயே பாப்பா நாய் குரைக்கிற மாதிரி இருமுச்சு. வெறும் சளிதான்னு நெனச்சு நான்பாட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிட்டேன். அந்தப் புத்தியை இன்னான்னு சொல்றது.

ஷேர் ஆட்டோ புடிச்சு யூனிஃபார்மோட போய் இறங்குனேன். அக்கா மடியில பாப்பா. மூச்சை உள்ள இழுக்கும்போதெல்லாம் கீச்சுனு ஒரு சத்தம். விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள போய் போய் வருது. நான்தான் அம்மான்னு சொல்லி, அக்காகிட்டருந்து வெடுக்குனு புடுங்கிட்டேன்.

பாப்பா அலறுச்சு. அக்கா பக்கம் கையை நீட்டிக்கினு அலறுச்சு. அழ அழ அந்தக் கீச்சு சத்தம் ஏறுச்சு, உதடு நீலமாச்சு.

டாக்டரம்மா என்னைத் திட்டல. "மூச்சுக்குழாய் வீங்கியிருக்கும்மா. அழுதா இன்னும் அடைச்சுக்கும். நெபுலைசர் வெக்கிறேன், அமைதியா இழுக்கணும். இல்லன்னா தொண்டைக்குள்ள டியூப் போட வேண்டி வரும். யார்கிட்ட இருந்தா அழாதோ அவங்ககிட்ட குடுங்க."

குடுத்தேன். வேற இன்னா பண்றது? அக்கா என் முகத்தையே பாக்கல. பாப்பாவை நெஞ்சுல சாய்ச்சுக்கினு, மாஸ்கை மூக்குகிட்ட புடிச்சுக்கினு, என்னமோ முணுமுணுத்தாங்க. பாப்பா அடங்குச்சு. என்னைப் பாத்ததும், மறுபடி புடுங்கிடுவேனோன்னு சிணுங்க ஆரம்பிச்சுச்சு. நான் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி போய் நின்னுக்கினேன்.

அக்கா மேல எனக்கு அப்படிப் பத்திக்கினு வந்துச்சு. எம்புள்ள உயிரைப் புடிச்சு வெச்சிருக்கிறவங்க மேலதான். வெக்கங்கெட்ட மனசு. நெபுலைசர் மெஷின் சத்தம் நின்னப்புறமும் நான் வெளிய வரல.

சாயங்காலம் டியூட்டி மாறி வேற நர்ஸ் வந்தாங்க. அக்கா மடியில இருந்த பாப்பாவைத் தொட்டுப் பாத்துட்டு, மூச்சு பரவால்ல, தூங்குது, அம்மா மடியிலயே இருக்கட்டும், மாத்த வேணாம்னு சொன்னாங்க. அப்புறம் ஸ்க்ரீன் ஓரமா நின்ன என் பக்கம் திரும்பி, நீங்க யாருன்னு கேட்டாங்க.

அக்கா வாயைத் தொறக்குறதுக்குள்ள, பக்கத்து வூட்டுக்காரின்னு சொல்லிட்டேன்.