தோளில் இருந்த கை

நாற்பத்தெட்டு வயதில் பெண் தேடக் கிளம்பிய எனக்குத் தனிப் படம் ஒன்றுகூட இல்லை. செகிஞ்சானில் வயலோரம் நானும் லோரி ஓட்டும் நண்பன் செல்வமும் நிற்கும் படத்தைத்தான் கைபேசியில் வெட்டினேன்.

“என்னைய வெட்டிடுலா. என் மூஞ்சி இருந்தா பொண்ணு என்னையத்தான் கேக்கும்” என்றான் செல்வம்.

படத்தில் முடியைக் கறுப்பாக்கச் சொன்னார் அக்கா. தொப்பைக்கு மேலே வெட்டச் சொன்னார் மச்சான். எல்லாம் செய்து, அக்கா பார்த்து வைத்திருந்த பெண், உலு யாமில் இருந்த ரோஸ்லினுக்கு அனுப்பிய பிறகுதான் அக்கா அலறினார்: “டேய், தோள்ல யாரு கைடா அது?”

செல்வத்தை வெட்டிய நான் அவன் கையை மறந்துவிட்டேன். படத்தை அழிப்பதற்குள் ரோஸ்லினே அழைத்துவிட்டாள்.

“அது யாரு கைங்க?”

பெண்ணின் கை என்று நினைத்துவிட்டாளோ? “கூட்டாளிங்க! ஆம்பளதான்! மீசைகூட இருக்கு!” என்று உளறினேன்.

அவள் சிரித்தாள். “முடி பொய்யின்னு பார்த்ததுமே தெரிஞ்சிச்சி. அந்தக் கை மட்டுந்தான் நெசம். உரிமையா தோள்ல கை போட ஒரு ஆளு இருக்காருன்னா, நீங்க நல்லா பழகுவீங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க.”

எனக்கென்று யாருமில்லை என்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்தவன் நான். அது பொய் என்று எனக்குக் காட்டியவள், அதுவரை என்னை நேரில் பார்த்திராத, இன்று என் மனைவியாக இருக்கும் அந்த ரோஸ்லின்தான்.