முப்பதாம் தேதி மாலை, ஒன்றாம் தேதி காலை

வெளிநாடுகளில் பாடம் நடத்தவும் தச்சு வேலை பழக்கவும் குழாய் இறக்கவும் இரண்டிரண்டு ஆண்டுகள் போய்வரும் தன்னார்வலர்கள் அவரை ‘வயித்துவலி அக்கா’ என்று அழைத்தார்கள். அக்காவுக்கு வயிற்றுவலி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் எந்த நாட்டில் எந்தத் தன்னார்வலருக்கு எது வலித்தாலும் முதல் அழைப்பு அவருடைய மேசைக்குத்தான் வரும். பத்தில் ஏழு, வயிறு சம்பந்தப்பட்டது. எந்த மருத்துவமனைக்குப் போகலாம், எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு, எதற்கு அவர்களை அனுப்பிய அமைப்பு பொறுப்பேற்கும் என்று சொல்வது அவர் வேலை. படித்தது தாவரவியல்.

“டாக்டரா இருந்தா வைத்தியம் பாத்துட்டுப் போயிடலாம். இது வைத்தியம் பாக்க விடுற வேலை. அதுதான் கஷ்டம்” என்பார்.

வேலை வீடு வரை வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், சாப்பிட உட்கார்ந்தால் ஒரு காதைத் தொலைபேசிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். “இந்த வீட்டுல எனக்கு மட்டும் எதுவும் வலிக்கக் கூடாது. வலிச்சாலும் வரிசையில கடைசில நிக்க வெச்சிடுவா” என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பத்தொன்பது ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள், துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அக்கா எழுதிக் கேட்டார். ஆள் வரவில்லை, கடைசியில் ஒரு நிறுவனமே வந்தது. தன்னார்வலர்களின் மருத்துவ நிர்வாகம் முழுவதையும் வெளியே ஒப்பந்தத்துக்கு விடுவதென்று வாரியம் முடிவு செய்தது. அக்கா எதிர்த்திருப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. இரவில் மணியடிக்காத தொலைபேசியை நினைத்தே அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. அவரை அஞ்சல் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். “ரொம்ப நல்லது. கடுதாசிக்கு வயிறு கெடையாது” என்றார்.

போகும் முன், அவர் செய்வதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று பக்கம் எதிர்பார்த்தார்கள். அறுபத்தொரு பக்கம் வந்தது. அதன் முதல் பக்கத்திலேயே அக்காவின் தலையாய விதி இருந்தது: நோயோ விபத்தோ, அது நடந்த ஊரின் தேதியைத்தான் எழுத வேண்டும். மருத்துவமனைத் தாள்களில் அந்த ஊர்த் தேதிதான் இருக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டு இந்த ஊர்த் தேதியாக மாற்றியவர்களின் விண்ணப்பங்கள், தேதி பொருந்தவில்லை என்று திரும்பிப் போயிருக்கின்றன. திருப்பி அனுப்பியவர் அக்காதான்.

நிறுவனம் அந்த விதியை எழுத்து மாறாமல் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அதன் வழக்கறிஞர் தம் பங்குக்கு நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: நிறுவனத்தின் பொறுப்பு, தலைமை அலுவலகக் கடிகாரப்படி ஒன்றாம் தேதி தொடங்கும். இரண்டுமே அருமையான வாக்கியங்கள். நடுவில் இத்தனை பக்கம் இருந்ததால் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

முப்பதாம் தேதி வந்தது. முந்நூற்றுச் சொச்சம் பச்சைக் கோப்புகளும் அட்டைப் பெட்டிகளில் ஏறிப் போயிருந்தன. வெற்று இரும்பு அலமாரிகளில் கோப்பு இருந்த இடமும் தூசி இருந்த இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. ஐந்து மணிக்கு அக்கா முத்திரையை ஒப்படைத்து, ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அதில் ‘நிலுவையில் உள்ளவை: இல்லை’ என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார் இயக்குநர். மறுநாள் வாரியத்தின் முன் அதை வைக்க வேண்டும். இயக்குநர் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அக்காவுக்கு அவர் நாலு பேர் முன்னால் ‘சார்’, தனியே ‘தம்பி’.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேற்கு நாட்டில் இருந்த தலைமை அலுவலகத்தின் கடிகாரத்தைவிடப் பதினைந்து மணி நேரம் முந்தி ஓடும் ஒரு தீவிலிருந்து, ஒரு தச்சர். அங்கே விடிந்து ஏழு மணி. பிள்ளைகள் வருவதற்குள் பள்ளிக்கூடக் கூரையில் பலகை மாற்றிவிடலாமென்று ஏறியவர், பலகையோடு கீழே வந்திருக்கிறார்.

“காலு அக்கா. எலும்பு வெளிய தெரியுதாம். நான் பாக்கல, பாத்தவங்க மூஞ்சியைத்தான் பாத்தேன்.”

“எங்க இருக்கீங்க?”

“ஆஸ்பத்திரியிலதான். எலும்பு டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் இங்க வருவார். இன்னைக்கு வந்திருக்கார். மத்தியானம் கப்பல் ஏறிடுவார். உங்க கிட்டேர்ந்து பொறுப்புக் கடிதம் வந்தாத்தான் உள்ள கொண்டுபோவாங்களாம்.”

“விழுந்தது என்னைக்கு?”

“என்னக்கா, இப்பதான், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஒண்ணாம் தேதி.”

அக்கா கணினியில் ஒன்றாம் தேதி என்று அடித்தார். அது ஏற்கவில்லை. முப்பதோடு மூடிக்கொள்ளும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு விழுந்தவரை அதற்குத் தெரியாது. உடனே நிறுவனத்தை அழைத்தார். ஒரு மாதமாக அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்தான் எடுத்தாள்.

“அக்கா, உங்களுக்கு இல்லேன்னு சொல்வேனா? ஆனா இன்னைக்கு இன்னும் முப்பதுதானே. விபத்து நடந்தப்போ எங்க ஒப்பந்தமே ஆரம்பிக்கல. அது உங்க கேஸ்.”

“எங்க கம்ப்யூட்டர் அது நாளைக்கு நடந்த விபத்துங்குது.”

“எங்க சட்டப் பிரிவு அது இன்னைக்கு நடந்ததுங்கும் அக்கா. கேட்டுட்டுத்தான் சொல்றேன்.”

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது. நடுவில் ஒரு கால் மட்டும் உடைந்து கிடந்தது.

அக்கா இயக்குநரின் அறைக்குப் போனார். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முப்பதுன்னு போட்டு அனுமதி குடுத்துடுங்கக்கா. பொய் இல்லையே. நம்ம கடிகாரப்படி முப்பதுதான்.”

“அந்த ஆஸ்பத்திரித் தாள்ல ஒண்ணுன்னு இருக்கும். இன்னைக்கு ஆபரேஷன் நடந்துடும். அப்புறம் கம்பி எடுக்கணும், நடக்கப் பழக்கணும், அதெல்லாம் கம்பெனி கையில. ஒவ்வொண்ணுக்கும் தேதி பொருந்தலைன்னு திருப்பி அனுப்புவாங்க.”

“யாரு அப்படி அனுப்பப் போறா?”

“நான் அனுப்பியிருப்பேன். அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். நல்லா கத்துக்கிட்டா, பாவி.”

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்ப நாம கையை வெச்சா இது நம்ம தலையில நிக்கும். சான்றிதழ்ல இல்லைன்னு அடிச்சாச்சு. ஒரே ஒரு ஆளுக்காக நாளைக்கு வாரியத்துல நான் என்னன்னு சொல்றது?”

“ஒண்ணுன்னு சொல்லுங்க தம்பி. எண்ணத் தெரியாதவங்கன்னு அவங்க நெனச்சுடக் கூடாது.”

நான்கே கால். அக்கா தம் அறைக்குத் திரும்பி, அமைப்பின் பெயர் அச்சிட்ட தாளில் கையாலேயே எழுதினார். விபத்து நடந்தது அங்கே ஒன்றாம் தேதி காலை, இங்கே முப்பதாம் தேதி மாலை, இரண்டும் உண்மை. அறுவைச் சிகிச்சைக்கும், இந்தக் கால் சம்பந்தமாகப் பின்னால் தேவைப்படும் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பே பொறுப்பு. கையெழுத்திட்டு, இன்னும் நாற்பது நிமிடமே தம்மிடம் இருக்கப்போகும் முத்திரையைக் குத்தினார். அது போதாது, இயக்குநரும் ஒப்பமிட வேண்டும். தாளை அவர் முன் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“நின்னே காரியத்தைச் சாதிச்சிடுவீங்க” என்றார் இயக்குநர். ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். கையெழுத்திட்டார்.

தொலைநகல் முதல் தடவை போகவில்லை. இரண்டாம் தடவை போனது. நான்கு ஐம்பதுக்குத் தச்சரின் குரல் வந்தது: “உள்ள கூட்டிட்டுப் போறாங்கக்கா.” ஐந்து மணிக்கு அக்கா, சான்றிதழில் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, முத்திரையை ஒப்படைத்தார்.

மறுநாள் வாரியம், இது யாருடைய தப்பு என்று கேட்டது. “முதல் பக்கம் என்னோடது” என்று அக்கா ஒப்புக்கொண்டார். நாற்பதாம் பக்கத்துக்கு உரியவர் அன்று ஊரில் இல்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் மூன்று முறை கூடி, யாரும் தோற்காத ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்த ஒரு கோப்பு மட்டும் அமைப்பிடமே இருக்கும், அது முடியும் வரை அதைப் பார்க்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். முத்திரை திரும்பி வந்தது. ஆகவே அக்கா காலையில் அஞ்சல் பிரிவில் உறை பிரித்தார். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை காலி அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முந்நூறு பேரைப் பார்த்த பிரிவை ஒரு காலுக்காக நடத்தினார். துணைக்கு ஆள் வேண்டுமா என்று இயக்குநர் ஒரு நாள் கேட்டார். கிண்டலா, கரிசனமா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, கம்பி எடுத்த காலோடு தச்சர் நேரிலேயே வந்தார். கோப்பை மூடக் கையெழுத்து வேண்டும். அக்கா பேனாவைத் திறக்கவில்லை.

“நடந்து காட்டுங்க.”

நடைக்கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பினார். குறை இல்லை.

“மாடிப்படி?”

ஏறினார். இறங்கும்போது கடைசி இரண்டு படியில் இடது கால் இம்மியளவு தயங்கியது. “அது வலி இல்லக்கா, பழக்கம்” என்றார் தச்சர்.

“அப்படியா. அடுத்த மாசம் வாங்க.”

நான்கு மணிக்கு, தச்சர் கிளம்பும் நேரத்தில், இயக்குநர் எட்டிப் பார்த்தார். “மூடியாச்சா?”

“இல்ல சார்,” என்றார் அக்கா, கோப்பை அலமாரியில் வைத்தபடி. “படி எறங்கும்போது யோசிக்கிறார்.”