காதர் பாய் போட்டுக் கொடுத்த பள்ளம்

காதர் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான்... இன்னும் மனசு ஒப்பவில்லை.

வில்லியனூரில் எங்கள் பட்டறைக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் வண்டித் தகரம் தட்டும் டிங்கர், நான் பெயிண்டர். எழுபதுகளில் ஒரே கூரையின் கீழே தினமும் சண்டை போட்டுக்கொண்டே பிழைத்தவர்கள் நாங்கள்.

சண்டை எல்லாம் பட்டியைப் பற்றித்தான். தகரத்தின் மேடு பள்ளம் தெரியாமல் இருக்க நான் பட்டி பூசினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இன்னா பெயிண்டரு, வூட்டுக்கு சுண்ணாம்பா அடிக்கிற? இப்டி குடு, நான் தட்டித் தரேன்."

தட்டியும் தருவார். அந்தத் திமிர் மனிதருக்குக் கொஞ்சம் உண்டு.

ஒரு தடவை பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய டிராக்டரைக் கொண்டுவந்தார். பானெட், மட்கார்டு எல்லாம் துரு. "துருவ எடுத்துட்டு பெயிண்ட் அடிச்சிடுங்கபா" என்று விட்டுப் போனார்.

பாய் எல்லாவற்றையும் கழற்றிச் சுரண்டினார். அரித்துப்போன இடங்களை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தார். இடது மட்கார்டின் மேலே அகலமாக ஒரு பள்ளம்... அதையும் தட்டிச் சமமாக்கிவிட்டார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து சிவப்பு பெயிண்ட் அடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, புது வண்டி தோற்றது.

எடுக்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது மட்கார்டைத் தடவிப் பார்த்தார்.

"பாய்... இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே?"

"எடுத்துட்டேன்!" பாய்க்கு அவ்வளவு பெருமை.

"அங்கதான்பா என் சம்சாரம் குந்தும். சந்தைக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும்... போன தையில தவறிடுச்சி."

அவர் துருவைத்தான் எடுக்கச் சொன்னார். பள்ளத்தைப் பார்த்தால் டிங்கர் கை சும்மா இருக்குமா?

பாய் மரச்சுத்தியலை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "பாய், பெயிண்ட் வெடிச்சிடும்!"

"வெடிச்சா மறுபடி அடி. தள்ளுடா."

எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். ஆனாலும் தள்ளி நின்றேன்.

அடியில் மணல் மூட்டை கொடுத்து மெதுவாகத் தட்டினார். என் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்த மனிதர் பக்கத்தில் நின்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி... இன்னும் அகலம்பா. அவ கொஞ்சம் குண்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பாய் தலை நிமிரவே இல்லை, தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுபடி பெயிண்ட் அடித்தேன். பட்டி வைக்கவில்லை.

வேலை முடிந்தால் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து ரயில்வே கேட் வரை ட்ரையல் போவது பாயின் வழக்கம். அன்றைக்கு அந்த மனிதரே கூப்பிட்டார். "ஏறு பாய்."

"நீங்க போங்க. நான் நடந்து வரேன்."

டிராக்டர் மெதுவாகப் போனது. பாய் அதன் இடது பக்கமாகவே கேட் வரை நடந்து போனார்.

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். எனக்கு முட்டி வலி... வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான் என் மகன்.

வேண்டாம்னு சொல்லிட்டேன் பாய். நடந்தே வரேன்.