மாப்ள பையில நான் வச்ச கல்லு

நாங்க டெக்சாஸ்ல, காப்பெல்ங்கற ஊர்ல இருக்கோம். என் பொண்ணு அங்க புது வீடு கட்ட ஆரம்பிச்சா. அஸ்திவாரத்துல போட, பைபிள்ல வர்ற பவுல் நடந்த ஊர்லருந்து ஒரு கல்லு கொண்டுவரணும்னு எனக்கு ஆசை. லீவுக்குப் பொண்ணு, மாப்ளயோட துருக்கி போனப்ப, எபேசு பட்டணத்து இடிபாட்டுல செருப்பு வாரை சரி பண்ற மாதிரி குனிஞ்சு ஒண்ணை எடுத்துட்டேன். என் பையில இடமில்ல. மாப்ள பையில, அவரு சாக்ஸுக்குள்ள திணிச்சுட்டேன். அதை எவன் மோந்து பாப்பான்?

ஏர்போர்ட்ல மோந்துட்டாங்க. ஆபீஸர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. சிரிக்கல. மாப்ளயோட பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கிட்டு, அவரை ஒரு ரூமுக்குள்ள கூட்டிப் போய்க் கதவை மூடிட்டாரு.

"பழங்காலத்துக் கல்லை எடுத்தா இங்க ஜெயிலும்மா. வேலை, கிரீன் கார்டு எல்லாம் போச்சு"ன்னு பொண்ணு பதறுறா. ஒரு மணி நேரமா கதவு திறக்கல.

தாங்க முடியாம நானே போய்த் தட்டினேன். "நான்தான் வச்சேன், என்னைப் பிடிங்க"ன்னேன். பொண்ணு அழுதுகிட்டே அதை இங்கிலீஷ்ல சொன்னா. உள்ள கல்லைப் பரிசோதிச்ச மியூசியக்காரம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "இது சமீபத்துல படிக்கட்டுக்குப் பூசின சிமெண்ட்டு"ன்னாங்க.

விட்டுட்டாங்க. "கூடாரம் தைச்ச பவுல் சிமெண்ட்டும் பூசினாரா அத்தை?"ன்னாரு மாப்ள. பாஸ்போர்ட்டை மட்டும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தாரு.

இப்பல்லாம் எந்த வேதாகம ஊருக்குப் போனாலும், திரும்புறதுக்கு முன்னாடி என் பையை மாப்ள முன்னாலயே கொட்டிக் காட்டிடுறேன். "ஐயோ, வேணாம் அத்தை"ன்னு சொல்லிக்கிட்டே ஒண்ணொண்ணா உதறிப் பாக்குறாரு.