அக்காவின் கடைசி ஜாடி வைனும் என் ஏ.சி. பம்பும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் அன்பு வணக்கம். "நீதான் எழுதணும்" என்று சொல்லி வீட்டில் என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டார்கள். நான் ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். எனக்கு அழகாக எழுத வராது. ஆரம்பித்தால் நிறுத்தவும் வராது. இந்தக் கட்டுரையில் ஜெபத்தைவிட பம்பு அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா விட்டுச்சென்ற கடைசி ஜாடி வைனைக் கொட்டுவதா, காப்பாற்றுவதா என்று இந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவருக்கும் எனக்கும் பத்து வயது இடைவெளி. அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவர். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் நாட்களில் குடிக்கிற தண்ணீரும் சேறாகத்தான் இருக்கும். குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை யாரையும் குடத்தின் பக்கம் விடாமல் காவல் இருப்பது அக்காவின் வேலை. ஒருமுறை தாகம் தாங்காமல் சொம்பை விட்டு அடிமண்ணைக் கலக்கிவிட்டேன். அன்று தலையில் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீரானாலும் ரசமானாலும் மனிதர்கள் பேச்சானாலும், கலங்கலாக இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிவிட்டார். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே படிப்பை முடித்தார். மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "தம்பி ஒரு வேலையில உக்காரட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று நேராகவே சொல்லிவிடுவார். வந்தவர்கள் எழுந்து போனார்கள். தையற்கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் நான்கு வருடம் காத்திருந்தார். அவர்தான் எங்கள் அத்தான். அக்கா எனக்காக விட்டுக்கொடுத்த அந்த நான்கு வருடத்தை நான் எப்படித் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்? கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவருடைய ஃபிரிட்ஜைத் துடைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இனி வைன். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் அக்கா கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவார். பன்னீர் திராட்சையைக் கழுவி, துணியில் உலர்த்தி, பெரிய பீங்கான் ஜாடியில் கையால் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் கொஞ்சம் கோதுமையும் சேர்த்து வாயைக் கட்டி வைப்பார். இருபத்தொரு நாள் கழித்துத் துணியில் வடித்து மறுபடி ஜாடியில் ஊற்றினால், வாரக்கணக்கில் வண்டல் மெதுவாக அடியில் படியும். மேலே தெளிவு நிற்கும். இதுவரைக்கும் எல்லாம் அழகாக நடக்கும். அந்தத் தெளிவைப் புட்டிக்கு மாற்றும் நாளில்தான் வீட்டில் சண்டை வரும். இருபத்தைந்து லிட்டர் ஜாடியை அத்தான் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துச் சாய்ப்போம். கால்வாசி தெளிவாக வரும். அதற்குள் யாராவது ஒருவர் கை ஆடிவிடும். இத்தனை நாள் படிந்த வண்டல் ஒரு நொடியில் மேலே வந்துவிடும். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். அதற்கு இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இழுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"வாய் வெச்சு இழுத்தத ஊருக்குக் கொடுக்கச் சொல்றியா? எச்சில் பண்ணி ஒரு பண்டிகையா?" என்றார் அக்கா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. ஜாடியை முன்கூட்டியே மேடையில் ஏற்றி வைக்கலாம் என்றால் சாமான் அறையில் அவ்வளவு உயர மேடை இல்லை. தூக்கி வைத்தால் அதிலேயே கலங்கிவிடும். ஒரு வருடம் பழைய ஞாபகத்தில் அக்கா வைனில் தேத்தாங்கொட்டையை உரசிப் பார்த்தார். வைன் தெளியவும் இல்லை, துவர்ப்பு நாக்கைவிட்டுப் போகவும் இல்லை. பக்கத்து வீட்டார் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "மருந்து மாதிரி நல்லா இருக்கு" என்றார்கள்.

அக்கா ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா கேட்டது ஆய்வக அலமாரியின் மேல்தட்டில் வருடக்கணக்காகத் தூசு படிந்து கிடந்த இரண்டு கண்ணாடிக் குடுவைகளை. தடித்த கண்ணாடி, கழுத்தில் பக்கவாட்டில் ஒரு குழாய். பெரியது ஐந்து லிட்டர், சின்னது ஒரு லிட்டர். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறார். அந்தக் குடுவைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஏ.சி. மாட்டும்போது குழாயில இருக்கற காத்த எடுக்கறியே, அந்தப் பம்பு இருக்கா?"

"இருக்கு அக்கா. எதுக்கு?"

"குடுவையில இருக்கற காத்த எடுத்தா, ஜாடியில இருக்கற வைன் தானா ஏறி வரும். ஜாடிய யாரும் தூக்க வேணாம். யாரும் வாய் வைக்கவும் வேணாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வருடமாக அந்தப் பம்பைத் தோளில் சுமக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லையே! அன்றே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஹமீது பாய் கடைக்குப் போய் புது வெள்ளைக் குழாயும், வெளியே மாட்டும் வடிகட்டி ஒன்றும் கேட்டோம். பாய் வழக்கம்போல, "எந்தத் தண்ணிக்குக்கா? போரா, முனிசிபாலிட்டியா?" என்றார். அக்கா பொய் சொல்ல மாட்டார். "வைனுக்கு பாய்" என்றார். பாய் ஒரு நிமிடம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சது தண்ணிக் குழாய் மட்டுந்தாங்க" என்று சொல்லி, வடிகட்டிக்குள் போடும் திரியை இருப்பதிலேயே மெல்லியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் நான் அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. குடுவை சின்னது, எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பிடிப்பது என்று இருபது லிட்டர் தண்ணீர் கேனை மாட்டினேன். எங்கள் தொழிலில் மீட்டரின் முள் கடைசிவரை போய் நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதே பழக்கத்தில் பம்பை முழுவேகத்தில் ஓடவிட்டேன். வைன் குழாயில் ஒரு முழம் ஏறியிருக்கும். கேன் இடுப்பு ஒடிந்து 'டமால்' என்று சுருங்கியது. ஏதோ சிலிண்டர் வெடித்துவிட்டது என்று அத்தான் கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏன்டா, செம்புக் குழாயும் தண்ணிக் கேனும் ஒண்ணா? உன்ன நான் ஐ.டி.ஐ. படிக்க வெச்சேனே."

மறுநாள் அக்காவின் ஏற்பாடு. ஜாடியிலிருந்து குழாய் வடிகட்டிக்கு வரும். அங்கிருந்து பெரிய குடுவைக்கு. பெரிய குடுவையிலிருந்து சின்னக் குடுவைக்கு, தப்பித்தவறிப் பொங்கினால் பம்புக்குள் போகாமல் அதில் நிற்க. பம்பு ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில். எண்ணெய்ப் புகை வைன் பக்கமே வரக்கூடாது என்றார். ஜாடிக்குள் இருக்கும் குழாயை, வண்டலுக்கு இரண்டு விரற்கடை மேலே அசையாமல் பிடித்திருப்பது அத்தானுடைய வேலை. ஊசியில் நூல் கோக்கிற கை, ஆடாது.

நான் மறுபடியும் முள்ளைக் கடைசிவரை விட்டேன். வைன் குடுவைக்குள் வந்தது, வந்த வேகத்தில் சோடாவைப் போலப் பொங்கியது. அக்கா உடனே, பம்புக்குப் போகும் குழாயின் நடுவில் தாம் வைக்கச் சொன்ன சின்ன ஓட்டையைத் திறந்தார்.

"கொஞ்சம் காத்த உள்ள விடுடா. கால்வாசி இழுத்தாப் போதும். இது ஏ.சி. இல்ல."

அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்து, கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, பம்பின் சத்தத்தைக் கேட்டபடியே நின்றார். பொங்கல் அடங்கியது. பிறகு வந்தது பாருங்கள்! வெள்ளைக் குழாயில் செக்கச்செவேலென்று ஒரு கோடு ஏறி, வடிகட்டியை நிறைத்து, குடுவைக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. அத்தனை தெளிவு. குடுவைக்குப் பின்னால் அக்கா விரலை நீட்டினார், ரேகை தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கத்தினோம். அடுத்த மூன்று வருடம் ஊரில் யார் வந்தாலும் அக்கா முதலில் காட்டியது அந்தப் பம்பைத்தான். என் தொழிலில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

நான்காம் வருடம் புற்றுநோய் என்றார்கள். தஞ்சாவூருக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த ஆகஸ்டிலும் அக்கா வைன் போட்டார். பிசைய முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, அவர் மகள் ஆக்னஸ் பிசைந்தாள். இருபத்தொரு நாளில் வடித்தும் வைத்தார்கள். அடைமழை தொடங்குவதற்கு முன், அக்டோபரில் ஒரு விடியற்காலையில், அக்கா இறைவனிடம் சென்றுவிட்டார். ஜாடி சாமான் அறையில் அப்படியே நின்றது.

துக்க வருடத்தில் நம் வீடுகளில் பண்டிகை இல்லை. ஸ்டார் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். பண்டிகைக்குப் போட்ட வைனை என்ன செய்வது? முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அத்தான் என்னைத் தனியாக அழைத்தார்.

"கொட்டிடு மாப்ள. அந்த ரூம் பக்கம் போகவே முடியல. வாசன வருது."

ஜாடியைத் திறந்து பார்த்தேன். மேலே தெளிவு நின்றது. ஆனால் மாற்ற வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. இன்னும் வண்டலோடு கிடந்தால் கசந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் வாயால் சொல்லிப் போட்ட கடைசி வைன். அதை நான் எப்படிச் சாக்கடையில் ஊற்றுவேன்? "சனிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க அத்தான்" என்றேன். அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பம்போடு போனேன். அத்தான் முற்றத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆக்னஸ் ஜாடியில் குழாயைப் பிடித்தாள். ஓட்டையில் விரல் வைத்தது நான். முதல் குடுவை நன்றாகவே நிறைந்தது. இரண்டாவது குடுவை பாதியில் இருக்கும்போது வைன் வருவது இளைத்து நின்றது. எனக்கு என்னவென்று தெரியவில்லை. பழைய புத்திப்படி ஓட்டையை முழுக்க மூடி இன்னும் இழுக்கப் பார்த்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"விரல எடு மாப்ள! பாப்பா, குழாய மேல தூக்கு. வண்டல இழுக்குது, சத்தம் கேக்கலயா?"

நாங்கள் திரும்புவதற்குள் அத்தான் உள்ளே வந்துவிட்டார். முப்பது நாளாக அந்த அறைக்குள் நுழையாதவர். ஆக்னஸின் கையிலிருந்து குழாயை வாங்கினார். அடைத்துப்போன திரியை மாற்றச் சொன்னார். ஜாடிமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விரற்கடை அளந்து, குழாயைப் பிடித்தார். வண்டல் அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் அப்படியே காத்திருந்தோம். அவர் கை ஆடவில்லை. கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் துடைக்கவும் இல்லை. கடைசிக் குடுவைவரை அவரே பிடித்தார். இருபத்தாறு புட்டி, ஒன்றில்கூடக் கலங்கல் இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. துக்க வீடு என்று பார்க்காமல் கத்தியும்விட்டேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தஞ்சை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நினைத்த நேரத்தில் வண்டி எடுத்த எங்கள் தெருக்காரர்களுக்கும், எங்களுக்காக முழங்காலில் நின்று ஜெபித்த அன்பியக் குழுவினருக்கும், அன்று அடைத்த திரிக்கு மாற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, வைனைத் திரும்பியும் பார்க்காமல், அக்கா படத்தைப் பார்த்து நின்றுவிட்டுப் போன ஹமீது பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளுக்கும் வைன் வேண்டாம் என்பவர்களுக்கும் திராட்சைச் சாறு தனியாக இருக்கிறது. துக்க வீட்டில் வைன் கொடுப்பார்களா என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று எனக்குத் தயக்கம்தான். அதை அத்தானிடம் கேட்டேன். அவர் புட்டிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ வெச்சிட்டுப் போனது மாப்ள. வர்றவங்க ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும். நானே ஊத்தறேன்."